சபைக்குச் சொல்லும் நாள்

நவம்பர் பிறந்ததிலிருந்து பொழுது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முந்திச் சாய்ந்தது. கல்கத்தாவுக்கு வந்த இத்தனை வருஷத்தில் அருமைநாயகம் அதைக் கவனித்ததில்லை. இந்த வருஷம் அதைத் தவிர வேறொன்றையும் அவரால் கவனிக்க முடியவில்லை.

ஹௌராவுக்கு மேற்கே, சாந்த்ராகாச்சிக்கு இந்தப் பக்கம், ஒரு சணல் கம்பெனி தன் ஆலைகளுக்காகப் போட்டிருந்த யார்டில் அவர் ஜமாதார். சரக்கு வேகன்களைப் பிரித்து, சேர்த்து, ஆலை வாசலுக்கு அனுப்பும் ஆட்கள் எல்லாரும் அவருக்குக் கீழே. அவர்களில் வேதமுத்து பகல் பாயிண்ட்ஸ்மேன். தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்று, தூரத்தில் காட்டும் கொடியையோ கைவிளக்கையோ பார்த்து அவன் லீவரை இழுக்க வேண்டும். இழுத்தால் வேகன்கள் ஒரு பாதையில் போகும். விட்டால் இன்னொரு பாதையில் போகும். காலையில் தொடங்கி மாலை ஆறு மணிச் சங்கு வரை இதுதான் வேலை. பார்வை இருந்தால் போதும்.

வேதமுத்துவுக்குப் பொழுது சாய்ந்தபின் பார்வை இல்லை.

கோடையில் அது யாருக்கும் தெரியவில்லை. சங்கு ஊதும்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசியில் ஒரு சாயங்காலம் அருமைநாயகம் அவனுக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் போய் நின்றார். வேதமுத்து அவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். லீவரின் பிடியைக் கையால் துழாவினான். அருமைநாயகம் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டார். தூரத்தில் ஒரு கைவிளக்கு அசைந்தது. அவன் முகத்தில் அதற்கு ஒரு பதிலும் இல்லை. பின்னால் ஒருவன் “சோடோ!” என்று, விடச் சொல்லிக் கத்தினான். அந்தச் சத்தத்துக்குத்தான் வேதமுத்து லீவரை விட்டான்.

அவர் திரும்பி நடந்தார்.

யார்டில் அவருக்குப் பெயர் ‘பாத்ரி ஜமாதார்’, பாதிரியார் ஜமாதார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த லைன் வீட்டின் முன்னறையில் கூடி ஜெபித்தன. அவர்களுக்கு அவர் மூப்பர். கல்கத்தாவில் வெள்ளைக்காரர் வீட்டு ஆயாக்களுக்கும் சமையல்காரர்களுக்கும் வேதம் போதிக்க இருந்த தமிழ் உபதேசியார் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஆற்றைக் கடந்து வருவார். மற்ற ஞாயிறுகளில் அருமைநாயகமே வேதம் வாசிப்பார். ஜமாதார் வேலை கிடைத்த அன்று அவர் தனக்குள் ஒன்று தீர்மானித்திருந்தார். ஞாயிறு வாசிப்பது திங்கட்கிழமை யார்டிலும் செல்ல வேண்டும். இல்லையென்றால் வாசிக்கவே கூடாது.

முன்பிருந்த ஜமாதார் பிரம்பு வைத்திருந்தார். அருமைநாயகம் அதை அடுப்பில் போட்டார். யாரையும் தாயைச் சொல்லித் திட்டவில்லை. தலைவனாயிருக்கிறவன் ஊழியக்காரனாயிருக்க வேண்டும் என்பதற்காகக் கோடையில் அவரே பித்தளைக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஆட்களுக்கு ஊற்றினார். வேகன்களுக்கு நடுவே புகுந்து கொக்கி மாட்டும் ராம்லகன், பீகாரில் ஆரா ஜில்லாக்காரன், அவர் கையால் தண்ணீர் குடிக்க மாட்டான்.

“பாத்ரிஜி, வாயில் வேண்டாம்,” என்று இந்தியில் சொல்லிச் சிரிப்பான். “காலில் ஊற்றுங்கள். கால் ஜாதி பார்க்காது.”

அவர் குனிந்து ஊற்றுவார். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். ராம்லகன் ராஜா மாதிரி ஒரு காலை மாற்றி இன்னொரு காலை நீட்டுவான். வெடித்த குதிகால்கள். ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவிய இடத்தை வாசிக்கும்போதெல்லாம் அருமைநாயகத்துக்கு அந்தக் குதிகால்கள் ஞாபகம் வரும்.

இவை எல்லாவற்றையும்விட அவர் இறுகப் பிடித்திருந்தது ஓர் ஒழுங்கை. சகோதரன் தப்புச் செய்தால் முதலில் அவனும் நீயும் தனியாக இருக்கும்போது சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இரண்டொருவரைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல்ல வேண்டும். சபைக்கும் செவிகொடாதவனைத்தான் வெளியாளாக எண்ணலாம். இந்த ஒழுங்கில் அவர் ஒரு திருட்டைத் தீர்த்திருந்தார். ஒரு கத்திக்குத்துச் சண்டையை, அது நடக்கும் முன்பே தீர்த்திருந்தார். யார்டை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் ஒருவனைப் பற்றியும் புகார் போனதில்லை.

யார்டு ஆபீஸ் குமாஸ்தா சுந்தரேசன், தஞ்சாவூர்ப் பக்கத்து பிராமணர், இதைச் சொல்லி அவரைச் சீண்டுவார்.

“ஓய் நாயகம், உம்ம ஆட்கள்லாம் தேவதைகளா? மத்த யார்டிலேந்து தினம் ஒரு ரிப்போர்ட் வரது. உம்மகிட்டேந்து ஒரு துண்டுக் காயிதம் கிடையாது.”

“தப்பு நடக்கும் ஐயா. அங்கனக்குள்ளயே தீந்துரும்.”

“தீராத அன்னிக்கு எங்கிட்ட வாரும்.”

“வாரேன் ஐயா,” என்று அவரும் சிரித்திருக்கிறார்.

வேதமுத்துவிடம் அவர் தனியாகப் பேசியது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். காலை வெளிச்சத்தில் அவன் கண்கள் நல்ல கண்களாகவே இருந்தன.

“ஏல, சாயங்காலம் ஒனக்குக் கண்ணு தெரியுதா?”

“தெரியாம என்ன அண்ணாச்சி?”

“நேத்து நான் ஒன் முன்னாலதான நின்னேன்.”

வேதமுத்து தரையைப் பார்த்தான். “புகையில கவனிச்சிருக்க மாட்டேன். இந்த ஊர்ல பொழுது சாஞ்சா வீட்டுக்கு வீடு கரி அடுப்ப வெளிய வச்சிருதாங்கள்லா.”

“புகைதானா?”

“புகைதான்.”

 அவன் ஏதாவது சொல்வான் என்று நின்றார். தொட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேதமுத்துவை ஊரிலிருந்து கூட்டிவந்து அந்த லீவரில் நிறுத்தியது அவர்தான். துரைக்குத் தெரிந்தால் அன்றைக்கே சீட்டைக் கிழிப்பார்கள். மறுநாள் லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள். பெண்சாதியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு அவன் ஹௌரா பிளாட்பாரத்தில்தான் உட்கார வேண்டும். இரவு வேலைக்காரனுடன் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. இருட்டுத்தானே அங்கே முழு நேரமும்.

அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் அருமைநாயகம் லீவர் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார். விளக்கு அசைந்தால் “இழு” என்பார், “விடு” என்பார். வேதமுத்து இழுப்பான், விடுவான்.  சங்கு ஊதியதும் அவனை லைன் வரைக்கும், யாரும் சந்தேகப்படாத தூரத்தில் முன்னால் நடந்து, கூட்டிக்கொண்டு போவார். அவருடைய காலடிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வருவான்.

ஒருநாள் ராம்லகன் கேட்டான். கையில் கொக்கிச் சங்கிலியின் கிரீஸ். “பாத்ரிஜி, தினமும் சந்தியா நேரத்தில் அங்கே நின்று என்ன ஜபம்? தண்டவாளத்தில் ஏதாவது கெட்டது இருக்கிறதா?”

இது தனியாக இருக்கும்போது பேச வேண்டிய காரியம். சகோதரனுக்கும் சகோதரனுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. வெளியே போனால் ஒழுங்கு கெட்டது.

“ஒன்றும் இல்லை,” என்றார் அருமைநாயகம்.

“அப்படியானால் சரி. நீங்கள் நிற்கிறவரை எனக்குப் பயமில்லை.” அவன் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு வேகன்களுக்கு நடுவே குனிந்து புகுந்தான்.

அடுத்த ஞாயிறு ஜெபம் முடிந்து எல்லாரும் போனபின் வேதமுத்துவை மட்டும் இருக்கச் சொன்னார். எஞ்சின் ஃபயர்மேன் தானியேலையும், பிரேக்ஸ்மேன் சற்குணத்தையும் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டார். வேதமுத்து அவர்களைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான். மறுக்கவில்லை.

“மாலைக்கண்ணுதான் அண்ணாச்சி. ரெண்டு வருஷமா இருக்கு. போன வருஷம் குளிருக்குள்ள எப்படியோ சத்தத்த வச்சே ஓட்டிட்டேன்.”

“சொல்லிருக்கலாம்லா.”

“சொன்னா?”

 சற்குணம் சுவரைப் பார்த்தார். அவன் தொடர்ந்தான். “ஆட்டு ஈரலு தின்னா திரும்பிரும்னு சொல்லுதாங்க. கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுங்க. சொஸ்தமாகலன்னா நானே தொரைட்டப் போயி நிக்கேன்.”

“ஈரலா?” என்றான் தானியேல், இறுக்கத்தைக் கலைக்க. “கிறிஸ்மஸுக்குள்ள ஹௌராவுல ஒரு ஆடு மிஞ்சாதுவே. ஒன்னக் கண்டாலே எல்லாம் கெங்கைக்குள்ள குதிச்சிரும்.”

எல்லாரும் சிரித்தார்கள். வேதமுத்துதான் அதிகமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் காரியம் பாதி தீர்ந்துவிட்டது போலிருந்தது. நாலு பேரும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். இது இந்த நாலு சுவருக்குள் இருக்கட்டும் என்று தானியேல்தான் சொன்னான். அருமைநாயகம் தலையசைத்தார்.

ஈரல் தின்றான். அவன் பெண்சாதி கறிக்கடையில் விடியுமுன் போய் நின்று வாங்கினாள். நவம்பர் கழிந்தது. “இப்ப தேவலை அண்ணாச்சி, விளக்கு மங்கலாத் தெரியுது,” என்றான். அருமைநாயகம் மங்கலில் அவன் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டி எத்தனை என்று கேட்டார். அவன் சிறிது யோசித்து, “ரெண்டு,” என்றான். யோசித்ததுதான் அவரை வதைத்தது. பார்க்கிறவன் யோசிக்க மாட்டான்.

இனி சபைக்குச் சொல்ல வேண்டும். சபையில் சொல்லி, எல்லாரும் சேர்ந்து அவனைத் தாங்குவதாக ஒப்புக்கொண்டு, அவனைத் தானாகவே வேலையிலிருந்து இறங்கச் செய்ய வேண்டும். அப்படித்தான் அவர் நினைத்தார். டிசம்பர் முதல் ஞாயிறு உபதேசியார் வருகிற நாள். ஆனால் இந்த மாதம் வர முடியாது, கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பாட்டுப் பழக்க வேண்டியிருக்கிறது என்று ஆள் சொல்லி அனுப்பியிருந்தார். உபதேசியார் இல்லாமல் அதைச் சபைக் காரியமாக்க அருமைநாயகத்துக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் லீவு கேட்டுக்கொண்டு கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். போகுமுன் தானியேலிடம், “நான் வாரதுக்குள்ள இருட்டிட்டுன்னா லீவர்ட்ட நின்னுக்கோ,” என்றார்.

“நிக்கேன் அண்ணாச்சி. நீங்க போயிட்டு வாங்க.”

உபதேசியார் சீக்கிரமே சம்மதித்துவிட்டார். “சபைக்குச் சொல்லுகிறதென்றால் நான் இருக்கத்தான் வேண்டும். நாளைக்கு வருகிறேன். நீர் செய்தது எல்லாம் ஒழுங்காகவே செய்திருக்கிறீர்,” என்றார். அந்த வார்த்தை அருமைநாயகத்துக்குச் சூடான காப்பியைப்போல இறங்கியது. திரும்பி ஆற்றங்கரைக்கு வந்தபோது மிதவைப் பாலத்தைக் கப்பல்களுக்காகத் திறந்துவிட்டிருந்தார்கள். நடுவில் பாலம் இல்லை. மாட்டு வண்டிகளும் ஜனங்களும் கரையில் நெருங்கி நின்றார்கள். ஒரு கப்பல் மெதுவாக, மிக மெதுவாகப் போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. படகுத்துறையில் காலை வைக்க இடமில்லை.

அவர் நின்றார். எதிர்க்கரையில் ஹௌரா ஸ்டேஷன் முதலில் செம்மையாக இருந்தது. பின்பு சாம்பல் நிறமாயிற்று. பின்பு தண்ணீரும் கரையும் ஒன்றாயின. அவர் வாய் ஜெபித்துக்கொண்டிருந்தது. என்ன ஜெபித்தார் என்று பின்னால் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

யார்டுக்குள் நுழையும்போதே தெரிந்துவிட்டது. வேகன்கள் அசையவில்லை. எஞ்சின் நின்ற இடத்தில் சும்மா ஆவி விட்டுக்கொண்டிருந்தது. விளக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருந்தன.

இருட்டும் முன்பே தானியேலை வேறோர் எஞ்சினோடு ஆலை வாசலுக்கு அனுப்பிவிட்டிருக்கிறார்கள். கைவிளக்கு அசைந்திருக்கிறது. வேதமுத்து யாரோ கத்திய சத்தத்தைக் கேட்டு லீவரை இழுத்திருக்கிறான். கத்தியது வேறு யாரையோ. உருட்டிவிட்ட வேகன்கள் போகவேண்டிய பாதையை விட்டு, ராம்லகன் கொக்கி மாட்டிக்கொண்டிருந்த பாதைக்கு வந்திருக்கின்றன.

அவனை வெளியே எடுத்துச் சணல் சாக்கின்மேல் கிடத்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இன்னொரு சாக்கால் மூடியிருந்தது. அவனுக்கு நினைவு இருந்தது. அருமைநாயகத்தைப் பார்த்து, “பானி,” என்றான்.

அவர் ஓடிப்போய்ப் பித்தளைக் குடத்தை எடுத்துவந்தார். முழங்காலிட்டு, அவன் தலையைத் தூக்கக் கையை நீட்டியவர், நிறுத்திக்கொண்டார். இத்தனை வருஷம் தன் கையால் குடிக்காதவன். சாகிற நேரத்தில் அவன் காத்துவந்ததைத் தான் கெடுக்கலாமா? திரும்பி அவன் ஊர்க்காரர்களில் ஒருவனைக் கூப்பிட்டார். ஒருவன் லோட்டாவை எடுக்க லைனுக்கு ஓடினான். ராம்லகன் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகள் இரண்டு தடவை அசைந்தன. லோட்டா வந்தபோது அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் ஒன்றையும் பார்க்கவில்லை.

குடத்திலிருந்த தண்ணீரை அருமைநாயகம் யாருக்கும் ஊற்றவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவர் பெண்சாதி ஞானப்பூ அதை அவர் கையிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

மறுநாள் உபதேசியார் வந்தார். நடந்ததைக் கேட்டு, சபைக் காரியம் இப்போது வேண்டாம் என்று ஒரு சங்கீதத்தை மட்டும் வாசித்துவிட்டுப் போனார்.

விசாரணை திங்கட்கிழமை நடுப்பகலில், துரையின் ஆபீஸில். ஜன்னல் வழியே வெயில் மேஜைமேல் விழுந்திருந்தது. சுந்தரேசன் துரையின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். அருமைநாயகம் எல்லாவற்றையும் சொன்னார். வேதமுத்துவுக்கு மாலைக்கண் என்றும், அது தமக்கு ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரியும் என்றும், ராம்லகன் பேரில் தப்பில்லை என்றும் சொன்னார்.

துரை வேதமுத்துவை ஜன்னல் பக்கம் நிறுத்தி, தூரத்தில் நின்ற வேகனில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவன் ஓர் எழுத்துத் தவறாமல் வாசித்தான்.

“சாயங்காலம் பாக்கச் சொல்லுங்க ஐயா,” என்றார் அருமைநாயகம். “பொழுது சாஞ்சபிறகு பாக்கச் சொல்லுங்க.”

சுந்தரேசன் சொன்னார். சாயங்காலம் தமக்கு வேறு வேலை உண்டு என்றார் துரை. பிறகு, இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

அருமைநாயகம் தானியேலின் பெயரையும் சற்குணத்தின் பெயரையும் சொன்னார். அதற்காகத்தானே சாட்சிகள். இரண்டு பேர் வாயால் ஒரு காரியம் நிலைவரப்படும்.

தானியேல் முதலில் வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தான். அருமைநாயகத்தின் பக்கம் திரும்பவில்லை. “எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா. ஜமாதாரு எங்கிட்ட அப்படி ஒண்ணும் சொல்லல,” என்றான். சற்குணம் வயதானவர். ஜெபத்தில் எல்லாருக்கும் முன்னால் அழுகிறவர். அவரும் அதையே சொன்னார். அந்த நாலு சுவருக்குள் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டு பேர் வாயால் காரியம் நிலைவரப்பட்டது.

கூலியாள் தன் அஜாக்கிரதையால் இறந்தான் என்று முடிவாயிற்று. குருடன் என்று நம்பிய ஒருவனை வேலையில் விட்டிருந்தாலும் குற்றம், நம்பாமல் இப்போது பொய் சொன்னாலும் குற்றம் என்று சொல்லி, துரை அருமைநாயகத்தை வேலையிலிருந்து நீக்கினார். மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேதமுத்து தன் இடத்திலேயே இருக்கலாம்.

வெளியே வந்தபோது சுந்தரேசன் பின்னாலேயே வந்தார். வெகுதூரம் கூட நடந்தார்.

“ஏன்காணும், அன்னிக்கே எங்காதிலே ஒரு வார்த்தை போட்டிருக்கப்படாதா?”

“போட்டா அவன வெளிய அனுப்பியிருப்பீக ஐயா.”

“அனுப்பியிருப்போம். வேலை போயிருக்கும்.” அவர் நின்றார். “இப்போ என்ன போச்சு, பாரும்.”

 அந்தக் கேள்வி அந்த வாரம் முழுக்க அருமைநாயகத்துடன் இருந்தது. வேதத்தை மடியில் வைத்து அந்த ஒழுங்கு இருக்கிற பக்கத்தைத் திறப்பார். அதில் சகோதரன் இருந்தான். சாட்சிகள் இருந்தார்கள். சபை இருந்தது. ராம்லகன் எங்கே என்று தேடுவார். அவன் இல்லை. அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் காணாமற்போன ஓர் ஆட்டைத் தேடிப்போகிறதைப் பற்றி இருந்தது. அதை அவர் எத்தனையோ தடவை உரக்க வாசித்திருக்கிறார். இப்போது அந்த எழுத்துகள்மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருப்பார். ஒழுங்கு தப்பு என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. தான் தப்பு என்று சொல்வது போதுமானதாகவும் இல்லை. இரண்டில் எதைச் சொன்னாலும் அந்தக் குதிகால்கள் அசையாமல் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜெபிக்க முழங்காலில் நிற்பார். வார்த்தை வராது. எழுந்து உட்காருவார். ஞானப்பூ சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். 

ஞாயிறு வந்தது. முன்னறையைக் கூட்டிப் பாய்களை விரித்தாள் ஞானப்பூ. வழக்கமான நேரத்துக்கு அவர் விளக்கை ஏற்றிவைத்து உட்கார்ந்தார். தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும். வாசல் வரை வந்து தாண்டிப் போகும். சற்குணத்தின் இருமல் ஒரு தடவை கேட்டது. அதுவும் போய்விட்டது. கோபம்கூட வரவில்லை. தம்முடைய முகத்தைப் பார்க்க முடியாமல்தான் போகிறார்கள் என்று தெரிந்தது. வெளியாளாக எண்ணப்படுகிறவன் எப்படி இருப்பான் என்று அவர் எப்போதாவது யோசித்ததுண்டா? இல்லை.

வாசலில் ஒருவன் நிலைப்படியைக் கையால் தடவிக்கொண்டு நின்றான். வேதமுத்து.

“வெளிச்சம் இருக்கையிலேயே பொறப்பட்டுட்டேன் அண்ணாச்சி. ஆனா வாரதுக்குள்ள போயிட்டு.”

அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வேதமுத்து தொண்டையைச் செருமினான். ஆளில்லாத பாய்கள் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பித் தலை குனிந்தான்.

“எல்லாரும் வந்தாச்சா?”

“யாரும் வரல.”

அவன் சொன்னான். “சபைக்கு முன்னால சொல்லணும்னியளே. இன்னைக்குச் சொல்லிரலாம்னு வந்தேன். அன்னைக்குத் தொரைட்ட வாயத் தெறக்க முடியல. புள்ள மொகம் வந்து நின்னுட்டு.” அவன் கைகள் மடிமேல் ஒன்றையொன்று பிடித்திருந்தன. “நாளைக்குத் திரும்ப லீவருக்குப் போகணும் அண்ணாச்சி. நீங்க இருக்க மாட்டிய.”

அருமைநாயகம் விளக்கைப் பார்த்தார். சுடர் அசையாமல் இருந்தது. யாருக்குச் சொல்ல வேண்டும்? தப்பு யாருக்கு விரோதமாகச் செய்யப்பட்டதோ அவனிடம்தானே முதலில் போக வேண்டும். தனியாக. அந்த முதல் நடையையே அவர் நடக்கவில்லை. ராம்லகன் இப்போது இல்லை. அவன் பெண்சாதி இருக்கிறாள். கூலி லைனில், கடைசி வீடு. அவள் வாசலுக்கு அவர் இந்த வாரம் முழுக்கப் போகவில்லை.

“எந்திரி,” என்றார். “சொல்ல வேண்டிய எடத்துல சொல்லுவோம்.”

கூலி லைன் யார்டுக்கு அந்தப் புறம். கரியடுப்புப் புகை தரையோடு படிந்திருந்தது. வேதமுத்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தான். இதுவரை அவன் அவரைப் பிடித்து நடந்ததில்லை. தண்டவாளம் வந்தபோதெல்லாம் அவர் நின்றார். அவன் காலைத் தூக்கி வைத்தான்.

கடைசி வீட்டின் முன் வந்து நின்றார்கள்.

கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பாய் இல்லை, பானை இல்லை. சுவரில் ஓர் ஆணி மட்டும். வாசல் மண்ணடுப்பை உடைத்துப்போட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தன் வாசலிலிருந்து அருமைநாயகத்தைப் பார்த்து, ரயில் போகும் திசையைக் கையால் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வேதமுத்து அவர் முழங்கையை விட்டான். கதவு இருக்க வேண்டிய திசைக்கு முகத்தைத் திருப்பி, இரண்டு கையையும் கூப்பினான். உடைந்த இந்தியில், தேடித்தேடி ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தான். சகோதரி, எனக்கு இருட்டில் கண் தெரியாது. உங்கள் ஆள் பேரில் தப்பில்லை. தப்பு என்னுடையது. லீவரை இழுத்தது நான். துரையிடம் உண்மையைச் சொல்லவில்லை. உங்கள் ஆள் நல்லவன். என் பிள்ளைக்கு ஒருநாள் வெல்லம் கொடுத்தான்.

அருமைநாயகம் தடுக்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் இது ஒருநாளும் சொல்லப்படாது என்று தோன்றியது. கேட்க ஆள் இல்லாவிட்டாலும் ஒருதடவையாவது அந்த வாசலில் அது சொல்லப்பட்டிருக்கட்டும். தானும் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். பானி என்று கேட்டானே என்று தொடங்க வேண்டும். நாக்கு எழும்பவில்லை.

வேதமுத்து முடித்துவிட்டான். கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். காதைச் சாய்த்துக் கேட்டான். யார்டில் வேகன்கள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் வரிசையாக ஓடி அடங்கியது.

“அண்ணாச்சி,” என்றான் மெதுவாக. “அவங்க ஒண்ணும் சொல்லலியே.”

அருமைநாயகம் காலியான அறையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சொல்லல,” என்றார்.

“நிக்காங்களா?”

இதற்கு அவர் பதில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்ட ஒன்றுதான் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவந்து விட்டது என்று அவருக்குத் தெரியும். நாளைக்கு இதே நேரத்தில் இவன் அந்த லீவரில் நிற்பான், அதுவும் தெரியும்.  வேதமுத்துவின் கைகள் இன்னும் கூப்பியபடியே இருந்தன.

அவர் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார். தன் முழங்கையில் வைத்தார். இருவரும் திரும்பித் தண்டவாளத்தை நோக்கி நடந்தார்கள். வேதமுத்து பதிலுக்குக் காத்துக்கொண்டே நடந்தான்.